ஜேன் டாப்ஸனின் நீர்க்குழாய்

பழைய அமெரிக்க விஞ்ஞான சஞ்சிகைகளைப் படிப்பதில் இக்காலத்தில் பலருக்குத் தனி விருப்பம் உண்டாகியிருக்கிறது. 2008-ஆம் ஆண்டு முதல் அவற்றின் பழைய ஏடுகள் பல கூகுள் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் அச்சிட்ட கோலத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. படிப்போர் இரு சாரார். ஒரு சாரார் நகைக்கின்றனர், மறு சாரார், "வாக்களித்த அந்த எதிர்காலம் எங்கே?" என ஏங்குகின்றனர். இரு சாராருமே அவற்றைச் சரிவரப் படிக்கவில்லை என்பது என் துணிபு.

சான்றாக, "பாப்புலர் மெக்கானிக்ஸ்" சஞ்சிகையின் 1950 பிப்ரவரி இதழை எடுத்துக்கொள்வோம். "நியூயார்க் டைம்ஸ்" நாளேட்டின் விஞ்ஞான ஆசிரியராயிருந்த வால்டெமர் கெம்ஃபர்ட், அடுத்த ஐம்பது ஆண்டுகளில் காணவிருக்கும் அற்புதங்களை அதில் விவரிக்கிறார். டாட்டன்வில் என்னும் ஊரில் 2000-ஆம் ஆண்டில் வாழ்வதாக அவர் புனைந்த டாப்ஸன் குடும்பத்தின் வழியே விவரிக்கிறார். அவ்வீட்டின் தட்டுமுட்டுச் சாமான்கள் யாவும் நீர்பட்டால் கெடாதவை. இல்லத்தரசி ஜேன், நீர்க்குழாயைப் பிடித்து வீடு முழுவதையும் கழுவிவிடுகிறார். நடுத்தரையிலுள்ள வடிகாலில் நீர் வடிந்ததும் வெப்பக் காற்றால் உலர்த்துகிறார். பழைய ரேயான் உள்ளாடைகளோ இரசாயனச் சாலைக்குச் சென்று மிட்டாயாகின்றன!

நகைப்போர் இவ்விடத்தோடு ஏட்டை மூடிவிடுகின்றனர். அதே கட்டுரையில், தொலைவிலுள்ள நண்பரின் முகம் பார்த்துத் தொலைபேசியில் உரையாடுவதும், திரையில் பார்த்தே கடைச்சாமான் வாங்குவதும் கூறப்பட்டுள்ளன. அவை இன்று நம் உள்ளங்கையில் நிகழ்கின்றன. ஏங்குவோர் இதையாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா? கேட்டதில் பாதி கைக்கு வந்தபின்னும் ஏக்கம் தீரவில்லையெனில், அவர்கள் தேடுவது இயந்திரத்தை அன்று. அது தருமென நம்பிய ஓய்வையும் நிம்மதியையுமே.

கட்டுரையின் மெய்யான குறை வேறிடத்தில் உள்ளது. சுவரும் நாற்காலியும் உணவும் உடையும் மாறிய அவ்வுலகில், குழாயைப் பிடித்து நிற்பவர் அதே ஜேன்தான்! கடைச்சாமான் வாங்குபவரும் அவரே. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் பிளாஸ்டிக் என்ன ஆகும் என்று கணக்கிட்ட ஆசிரியருக்கு, கணவர் ஜோ ஒருநாள் அக்குழாயைக் கையில் எடுக்கக்கூடும் என்று கற்பனை செய்ய இயலவில்லை.

அரபு மொழியில் "ரஜா" என்றும் "தமன்னீ" என்றும் இரு சொற்கள் உண்டு. விதைத்துவிட்டு விளைச்சலை எதிர்நோக்குவது ரஜா. விதையாமலே விளைச்சலுக்கு ஆசைப்படுவது தமன்னீ. மனிதர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளாதிருக்க, இயந்திரமே வாழ்வை மாற்றித்தரும் என எண்ணுவது தமன்னீயன்றி வேறென்ன?

இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் அதே தொனியில் எழுதுகின்றனர். அவற்றை நம் பிள்ளைகள் படிக்கட்டும், தடுக்க வேண்டியதில்லை. ஆயினும், "இக்கருவி எவர் சுமையை இறக்குகிறது? இறக்கிய சுமையை எவர் தோளில் ஏற்றுகிறது?" என்ற கேள்வியோடு படிக்கப் பழக்குவோம். பழைய ஏடுகளால் நாம் பெறத்தக்க பயன் அதுவே.