மூடிக்குப் பின்னால் இருக்கும் வேலை

புது வீட்டில் எனக்கு முதலில் பார்க்கத் தோன்றுவது டிபி பாக்ஸை, அதாவது மின்சாரம் பிரிந்து போகும் பெட்டியைத்தான், அதுவும் மூடியைக் கழற்றி. சுவருக்குள் வரும் பிவிசி பைப் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் தகர விளிம்பு கத்தியாக இருக்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் புஷ் மாட்டியிருந்தால் எலக்ட்ரீஷியன் கைகாரர். இல்லாவிட்டால் ஒயரை இழுக்கும்போதே இன்சுலேஷன் சீவிக்கொண்டு போய்விடும்.

உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். லைட்டுக்குப் பெரும்பாலும் 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மி.மீ. ஒயர். எல்லாம் ஓரமாக ஏறி, டை போட்டுக் கட்டுண்டு, அதனதன் எம்சிபிக்கு (கரண்ட் மீறினால் தானே அணையும் சுவிட்ச்) நேரே வளைந்து திரும்பும். அந்த வளைவு ஒரே அளவில் அமைவதற்குப் பொறுமை வேண்டும். கைகாரர் கொஞ்சம் நீளமும் மிச்சம் விட்டிருப்பார். பின்னாளில் முனை கருகினால் வெட்டி மறுபடி மாட்டலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வேலை. செம்பு இழை ஒன்றுகூட வெளியே நீட்டாமல் செருகி, ஸ்க்ரூவை முடுக்கி, ஒயரைப் பிடித்து ஓர் இழு இழுத்துப் பார்ப்பார். லூஸ் கனெக்‌ஷன் சூடாகி உருகும்; கரண்ட் அளவு மீறாதவரை எம்சிபி அதற்காகப் பெரும்பாலும் டிரிப் ஆகாது. அந்த ஓர் இழுப்பில்தான் அது பிடிபடும்.