காற்றுக்கு முறை வைப்பவர்கள்

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சைக்கிளோட்டம் வைத்தால், ஊர் முழுக்க முடிவுக் கோட்டருகில் போய் நின்றுவிடும். அன்புவழிபுரத்தைப் போன்ற திருகோணமலை ஊர்களில் சைக்கிளுக்கென்று தனிக் கழகம் அமைவது அரிது. கரப்பந்துக்கும் கயிறிழுத்தலுக்கும் இருக்கிற விளையாட்டுக் கழகம்தான் பெரும்பாலும் இதையும் நடத்தும். மட்கார்டும் கரியரும் கழற்றிய வீட்டுச் சைக்கிள்களோடு சில ரேஸ் சைக்கிள்களும் வரும். முதலில் வந்தவனைத் தோளில் தூக்குவார்கள். தூக்கட்டும். ஆனால் கடைசி இருநூறு மீற்றரில் பார்க்கக் கிடைப்பது காலின் பலம் மட்டும். இந்த விளையாட்டின் கலை அதற்கு முன்பே, ஆளில்லாத வீதியில், காற்றோடு நடந்து முடிந்திருக்கும்.

மேடில்லாத வீதியில் வேகமாக உழக்குகிறவனுக்கு முதல் எதிரி காற்றுத்தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைத் தள்ளிப் போகத் தேவையான வலுவோ எட்டு மடங்கு. முன்னால் போகிறவனின் பின்சில்லுக்கு ஒரு முழத் தூரத்தில் தன் முன்சில்லை வைத்துக்கொள்பவனுக்கு இந்தச் சுமை கணிசமாகக் குறைகிறது. 2018இல் பேர்ட் பிளோக்கன் தலைமையிலான ஆய்வுக் குழு, 121 ஓட்டக்காரர் அடங்கிய கூட்டத்தின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தது. நன்கு மறைவான இடங்களில் இருப்பவர்கள் எதிர்கொள்ளும் காற்று, தனியாக ஓடுபவன் எதிர்கொள்வதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று தெரிந்தது. எனவே கந்தளாய் வாய்க்காலில் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல, சேர்ந்து ஓடுகிறவர்கள் காற்றுக்கு முறை வைக்கிறார்கள்.

அந்த முறையை எடுப்பதில்தான் ஆளின் தரம் தெரியும். புதிதாகப் பழகுபவன் தன் முறை வந்ததும் ஒரு உந்து உந்துவான், வரிசை அறுந்துபோகும். தேர்ந்தவன் முன்னால் வந்தது பின்னால் இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. வேகம் அப்படியே இருக்கும். களைத்துப்போகும் முன்பே முழங்கையை ஒரு தரம் அசைத்துவிட்டு விலகுவான். பிரேக்கைத் தொடமாட்டான், உழக்குவதை இளக்கி, மெல்ல வரிசையின் வாலுக்கு நழுவுவான். வீதியில் பள்ளம் தென்பட்டால் கையால் காட்டுவான். அந்தச் சைகை ஒவ்வொருவராகக் கடைசி ஆள்வரை போய்ச் சேரும்.

திருகோணமலையில் இந்தப் பாடத்துக்குக் குறைவே இல்லை. வைகாசியில் தொடங்கி ஆவணி தாண்டும்வரை மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து கச்சான் அடிக்கும்; காய்ந்த, சூடான காற்று. மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வாடை. அனுராதபுர வீதியில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பக்கம் போகிறவனுக்குக் கச்சான் போகையில் முகத்தில் அறையும், வருகையில் முதுகைத் தள்ளும். போகையில் இழந்ததில் ஒரு பங்காவது வருகையில் திரும்பும்.

நிலாவெளி வீதி அப்படியல்ல. உப்புவெளியைக் கடந்து வடக்கே ஏறும் அந்த வீதியில் கச்சான் இடப்பக்கத்தை வெட்டும். அப்போது முன்னவனுக்கு நேர் பின்னால் ஒதுங்கிப் பயனில்லை. சற்று வலப்புறம் தள்ளி ஓட வேண்டும். வரிசை சாய்ந்து வீதியின் நடுவை நோக்கி விரியும். பஸ் வருகிற வீதியில் எவ்வளவுதான் விரிய முடியும்? நாலைந்து பேருக்கு மறைவு கிடைக்கும். அடுத்தவன் தனியாகக் காற்றை வாங்குவான். திரும்பி வருகையில் காற்று வலப்பக்கம். இப்போது வரிசை மணல் படிந்த வீதியோரத்தை நோக்கிச் சரியும். ரசிகன் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். யார் முன்னால் என்பதை விடுங்கள். ஓரத்தில் ஒடுங்குகிறவனுக்காக யார் ஓரடி வலப்புறம் நகர்ந்து கொடுக்கிறார் என்று பாருங்கள்.

காற்றைப் பகிரவே கூடாது என்று வைத்த ஊரும் உண்டு. சைக்கிள் கழகங்கள் தழைத்த இங்கிலாந்தில், 1870இல் பிக்விக் கழகமும் 1878இல் சைக்கிள் சுற்றுலாச் சங்கமும் தோன்றின. பொது வீதியில் கூட்டமாகப் பந்தயம் ஓடுவது அங்கே வம்பானது. அதற்கு மாற்றாக 1895இல் எஃப். டி. பிட்லேக் வகுத்த முறையில் ஒவ்வொருவரும் நேர இடைவெளி விட்டுத் தனித்தனியே புறப்பட வேண்டும். விடியற்காலையில், கறுப்பு உடையில், பாதைக்குக் குறியீட்டுப் பெயர் வைத்து, பந்தயம் என்றே தெரியாதபடி ஓடினார்கள். கடிகாரத்தோடு தனியே மல்லுக்கட்டும் அந்த ஓட்டத்துக்கு ஒரு கடுந்தவ அழகு உண்டு. இருந்தும் 1942இல் பேர்சி ஸ்டாலர்ட் லாங்கொலெனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டனுக்குக் கூட்டமாகப் பந்தயம் நடத்தினார். அதற்காக, பந்தயங்களை நிர்வகித்த சங்கம் அவரை விலக்கியது. நம் பக்கம் பார்த்தால், 1960இல் ரோம் ஒலிம்பிக்கின் கூட்ட வீதியோட்டத்தில் சிலோன் சார்பில் மொரிஸ் குமாரவேல் ஓடினார். இன்று விமானப்படை நடத்தும் பலநாள் சவாரியும் கூட்ட ஓட்டமே. நம்மவர் மனம் கூட்டத்தின் பக்கம்தான்.

எங்கள் விழாக்களில் இன்னொரு போட்டியும் உண்டு: மெதுவான சைக்கிளோட்டம். கால் தரையில் பட்டால் வெளியே. கடைசியாகக் கோட்டைத் தொடுபவருக்கே பரிசு. சிரிப்புக்காக வைப்பதென்று பலர் நினைப்பார்கள். ஆனால் வேகம் குறையக் குறைய ஹான்டில்தான் எல்லாம்: சாயும் பக்கத்துக்கே அதை நுணுக்கமாகத் திருப்பி, சில்லுகளை மறுபடி உடம்புக்கு அடியில் கொண்டுவர வேண்டும். கண்ணைச் சில்லில் வைத்தவன் விழுவான். தூரத்தில் வைத்தவன் நிற்பான். மீன்பெட்டி கட்டி ஓடிப் பழகியவர்கள் இதில் இளந்தாரிகளை வெல்லக்கூடும். வரிசையில் ஒரு முழ இடைவெளியை நம்பி ஓடுவதற்கும் இந்தக் கை அடக்கம்தான் அடிப்படை.

2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே சைக்கிளுக்குத் திரும்பியது. பெற்றோல் வந்ததும் பலர் இறங்கிவிட்டார்கள். சிலர் ருசி கண்டு விடியலில் கூடி ஓடுகிறார்கள். அப்படி ஓடுகிறவர்கள் தங்கள் கூட்டம் தேறிவிட்டதா என்று அறிய மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம். ஆடி மாதக் கச்சானில் நிலாவெளி போய், அவர்களுள் மிகப் பலவீனமானவர் வரிசையிலிருந்து அறுந்துபோகாமல் திரும்பிவிட்டால், அது கழகம்.