எகெலபொலவின் வீட்டை எப்படிப் பார்ப்பது?

இரத்தினபுரி தேசிய அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே கண்ணாடிப் பெட்டிகளிடம் போய்விடுவார்கள். அரை மணி நேரத்தில் வெளியே வந்து ஐஸ்கிரீம் கடையைத் தேடுவார்கள். ஆனால் அங்கே முதல் காட்சிப்பொருள் அருங்காட்சியகம் இருக்கும் வீடேதான். 1988இல் அருங்காட்சியகமாவதற்கு முன்பு அது எகெலபொல வலவ்வை. கண்டி இராச்சியத்தில் சப்ரகமுவவின் திசாவையாக இருந்த எகெலபொலவின் மாளிகை.

திசாவை என்றதும் இன்றைய மாவட்டச் செயலாளரை நினைத்துவிடாதீர்கள். வரி, வழக்கு, படை மூன்றும் அவர் கையில். அதிலும் சப்ரகமுவ எல்லைப்புறம். அதனால் உள்ளே நுழையுமுன் வாசலில் நின்று திசை பாருங்கள். மேற்கே இறங்கினால் வெள்ளைக்காரன் ஆண்ட கரையோரம். வடக்கே மலைகளுக்கு அப்பால் கண்டி. எகெலபொலவின் வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆடியது.

1811இல், முன்பு முதலாம் அதிகாரமாக, அதாவது அரசனின் தலைமை அமைச்சராக, இருந்த பிலிமத்தலாவை கொல்லப்பட்டதும் அந்தப் பதவி எகெலபொலவுக்கு வந்தது. அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். அவனும் எகெலபொலவும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. 1814இல் சப்ரகமுவவில் அரசனுக்கு எதிரான கிளர்ச்சி எழுந்து தோற்றது. எகெலபொல ஆங்கிலேயரிடம் தப்பினார். கண்டியில் சிக்கிய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி அரசனே பிடிபட்டான். மார்ச் 2இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி இராச்சியம் ஆங்கிலேயரிடம் கைமாறியது. ஆனால் சிம்மாசனம் எகெலபொலவுக்குக் கிடைக்கவில்லை. 1818இல் கிளர்ச்சிச் சந்தேகத்தில் கைது, 1825இல் மொரீசியஸ், 1829இல் அங்கேயே மரணம். அரசன் வேலூரில் 1832இல் இறந்தான். பகைவர் இருவரையுமே ஆங்கிலேயன் கப்பலேற்றிவிட்டான். துரோகியா, பழிவாங்கப்பட்டவரா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. நான் ஒரு பக்கம் சாய மாட்டேன்.

இந்தக் கதையை நீங்கள்தான் மனதில் கொண்டு போக வேண்டும். உள்ளே பெரும்பாலும் பேசப்படுவது மண்ணும் மிருகமும் மனிதரின் பழைய கருவிகளும்தான். விறாந்தையில் கொஞ்சம் நில்லுங்கள். வலவ்வைகளில் யார் எதுவரை வரலாம், யார் உட்காரலாம், யார் நின்றே பேச வேண்டும் என்பதெல்லாம் தரத்தைப் பார்த்துத்தான். தோட்டத்துரை பங்களா வாசலில் நின்று பழகிய பரம்பரைக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1815 ஒப்பந்தம் திறந்துவிட்ட மலைகளில்தான் பிறகு கோப்பியும் தேயிலையும் இறப்பரும் வந்தன. அந்தத் தோட்டங்களில் வேலைக்கு நம் முன்னோரும் வந்தார்கள். இந்த வீட்டு விவகாரம் நமக்கு அந்நியமல்ல.

பிறகு உள்ளே இருக்கும் பழங்கால மிருக எலும்புகளிடம் போங்கள். இரத்தினக்கல் குழியில் அடிமட்டத்தில் கிடைக்கும் கூழாங்கல் படையை இல்லம் என்பார்கள். அதைக் கூடையில் இட்டுத் தண்ணீரில் சுழற்றிக் கழுவும்போது நீலக்கல்லுக்காகக் காத்திருக்கும் கண்ணுக்குச் சில நேரம் எலும்பும் பல்லும் அகப்படும். அப்படிக் கிடைத்தவற்றைக் கொண்டுதான் தொல்லுயிரியல் அறிஞர் பி. இ. பி. தெரணியகல, நீர்யானையும் காண்டாமிருகமும் இங்கே திரிந்தன என்று காட்டினார். குருவிட்டவில் கிடைத்த இரண்டே இரண்டு பற்களை வைத்து 1939இல் இலங்கைச் சிங்கத்துக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். கண்டிக் கொடியில் வாளேந்தி நின்ற சிங்கம் எவ்வளவு பெரியது, நிலத்தில் மிஞ்சிய சான்று எவ்வளவு சிறியது! அருங்காட்சியகத் தோட்டத்தில் நிற்கும் மிருக உருவங்களைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கப் போவார்கள். அதற்குமுன் ஒரு பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். பல்லிலிருந்து முழு மிருகத்தை எப்படி ஊகிக்கிறார்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் நுழைவுச்சீட்டுக் காசு தேறிவிடும்.

இதோடு நிறுத்த மனமில்லையென்றால், கண்டியில் இன்னொரு எகெலபொல வலவ்வை இருக்கிறது. குடும்பத்துக்கு நேர்ந்ததை அங்கே மெழுகு உருவங்களில் வடித்து வைத்திருக்கிறார்கள். பார்க்கலாம். ஆனால் முதலில் இரத்தினபுரி, பிறகு கண்டி என்ற வரிசையில் போங்கள். மெழுகைப் பார்த்த பிறகு எகெலபொலவின் முகத்தை நீங்களாகக் கற்பனை செய்வது கடினம்.