பதினோராவது அத்தியாயம் மட்டும் போதுமா?

சுப்ரமணியன் சந்திரசேகரைப் பற்றித் தமிழில் எதை எடுத்துப் படித்தாலும் பெரும்பாலும் ஒரே கதைதான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயசுப் பையன், 1930-ல் பம்பாயில் கப்பல் ஏறி நடுக்கடலில் கணக்குப் போட்டான். 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் அந்தக் கணக்கைக் கேலி செய்தார். 1983-ல் நோபல் பரிசு வந்தது. சுபம்.

கதை பொய்யில்லை. ஆனா கப்பலுக்கும் பரிசுக்கும் நடுவில் 53 வருஷம் இருக்கே, அதில் அவர் என்ன வேலை பார்த்தார்? இதற்கு நல்ல பதில் 1939-ல் சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்ட அவருடைய முதல் புத்தகம், விண்மீன் அமைப்பைப் பற்றியது. மொத்தம் 12 அத்தியாயங்கள். நாம் கொண்டாடும் வெண்குள்ளன் கணக்கு அதில் பதினோராவது. மீதிப் பதினொன்றைப் பற்றிப் பேச ஆளில்லை.

மூன்றாவது அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். நாமக்கல்லில் முட்டை லாரி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அடித்தட்டு, மேலே உள்ள எல்லாத் தட்டுகளின் எடையையும் தாங்கியாக வேண்டும். தட்டில் இருப்பது நாட்டு முட்டையா, பண்ணை முட்டையா என்று தெரியாவிட்டாலும் அது தாங்கும் எடையைச் சொல்லிவிடலாம். விண்மீனும் அப்படித்தான். உள்ளே என்ன வாயு, எப்படி எரிகிறது என்று எதுவும் தெரிய வேண்டாம். நிறையும் ஆரமும் தெரிந்தால் போதும். சூரியனின் மையத்தில் அழுத்தம் குறைந்தது 45 கோடி வளிமண்டலம் இருந்தே தீரும் என்று நிரூபிக்கலாம். மையத்தை நோக்கிப் போகப் போக அடர்த்தி குறையாது என்று ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தால் அது மூன்று மடங்காகி 135 கோடி ஆகிறது. இன்றைய மாதிரிகள் சொல்லும் மதிப்பு இதைவிட நூறு மடங்குக்கும் மேல். ஆனால் விஷயம் அதுவல்ல. எவ்வளவு குறைவாகத் தெரிந்துகொண்டு எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதுதான் விஷயம். அந்தப் புத்தகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இப்போ அந்தப் புகழ்பெற்ற எண்ணுக்கு வருவோம். கப்பலிலேயே 1.4 சூரிய நிறை என்று கண்டுபிடித்துவிட்டார் என்று எழுதுகிறார்கள். 1931-ல் அச்சான கட்டுரையில் இருந்த எண் 0.91. ஒரு எலக்ட்ரானுக்கு எவ்வளவு நிறை என்பதற்கு அன்று அவர் வைத்த மதிப்பு 2.5, வரம்பு இந்த மதிப்பின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். 2.5-ஐ எடுத்துவிட்டு 2 போட்டால் 1.42 வருகிறது. முறை மாறவில்லை, அனுமானம்தான் மாறியது. இதைச் சொல்லாமல் விட்டால் வரம்பு ஏதோ வானத்திலிருந்து விழுந்த அசரீரி மாதிரி ஆகிவிடுகிறது.

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. வெப்ப இயக்கவியலை கராதியொடோரியின் கடினமான கணித வழியில் தொடங்கி, வாசகனை நன்றாகக் களைக்க வைத்த பிறகுதான் விண்மீனைக் கண்ணில் காட்டுகிறார். எடிங்டனின் 1926 புத்தகத்தில் விண்மீனின் உள்ளே போய்வந்த உணர்வு கிடைக்கும், இதில் கிடைக்காது. ஆற்றல் பற்றிய கடைசி அத்தியாயமும் சீக்கிரமே பழசாகிவிட்டது, அதே 1939-ல் ஹான்ஸ் பெத்தேயின் அணுக்கரு வினைக் கட்டுரை வந்துவிட்டதால். ஆனால் மூன்றாவது அத்தியாயம் பழசாகவில்லை, ஆகவும் வழியில்லை.

இந்தப் புத்தகத்தை முடித்த கையோடு அவர் அந்தத் துறையை விட்டு நகர்ந்தார். விண்மீன் கூட்டங்களின் இயக்கம், 1950-ல் கதிர்வீச்சுப் பரவல் நூல், 1961-ல் பாய்ம நிலைத்தன்மை, 1969-ல் சுழலும் நீள்கோளங்கள், 1983-ல் கருந்துளைகள். ஒவ்வொன்றிலும் சில வருஷம் உழைப்பு, கடைசியில் ஒரு கனமான நூல், அப்புறம் அடுத்த ஊர். எடிங்டனிடம் பட்ட அடியால் ஓடினார் என்பார்கள். முதல் நகர்வுக்கு அது காரணமாக இருக்கலாம். ஐந்தாவது நகர்வுக்கும் அதே காரணத்தைச் சொன்னால் எப்படி? அது அவர் வேலை செய்யும் முறை.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கம் இயற்பியல் என்பது மதிப்பெண் விவகாரம். விடுதிப் பள்ளியில் விடியற்காலையில் எழுந்து படிக்கும் பிள்ளைக்கு 1.4 என்பது ஒரு மார்க் விடை. கதையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது: மேதை, அவமானம், பரிசு. அவமானக் கதை படித்தால் கோபம் வரும், பெருமையும் வரும். ஆனால் அடுத்த நாள் காலை உட்கார்ந்து செய்ய அதில் வேலை எதுவும் இல்லை.

மூன்றாவது அத்தியாயத்தில் வேலை இருக்கிறது. முதலாம் ஆண்டு வகை நுண்கணிதம் தெரிந்த எந்தப் பிள்ளையும் அதன் முதல் தேற்றத்தை ஒரு மதியத்தில் போட்டுப் பார்க்கலாம். தொலைநோக்கி வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். பேப்பரும் பேனாவும் எடுத்து, அந்த 45 கோடியை நீங்களே வரவைத்துப் பாருங்க. சந்திரசேகர் யார் என்பது அப்போது தெரியும்.