வலியழிந்த விலங்குகள்: பாலைத்திணை வாசிப்பும் வட சிலாங்கூர்த் தோட்டப்புறமும்

பாலைத்திணையின் கருப்பொருளைக் கூறவரும் உரையாசிரியர்கள், விலங்கு என்னும் இடத்தில் வலியழிந்த யானை, புலி, செந்நாய் எனக் குறிப்பர். ஏனைத் திணைகளுக்கு மானும் முயலும், எருமையும் நீர்நாயும் என விலங்கின் பெயர் மட்டுமே தரப்படுகிறது. பாலையில் மட்டும் பெயருக்கு முன்னால் ஓர் அடை வருகிறது. அவ்வடை விலங்கின் இனத்தைச் சுட்டவில்லை. அதன் நிலையைச் சுட்டுகிறது. குறிஞ்சி யானையும் பாலை யானையும் வேறு யானைகள் அல்ல. நீரும் நிழலும் தழையும் இழந்து மெலிந்த பொழுது குறிஞ்சி யானையே பாலை யானையாகிறது. வகுப்பறையில் பல்லாண்டுகளாக மனப்பாடம் செய்விக்கப்படும் இப்பட்டியலில் இந்த ஒரு சொல் எவராலும் கவனிக்கப்படாமல் கடந்து போவதே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

தொல்காப்பியம் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை வடிவம் கொள்ளும் என்னும் சிலப்பதிகாரக் காடுகாண் காதையின் விளக்கம் அனைவரும் அறிந்ததே. ஆகவே பாலை ஓர் இடமன்று. உயிர்கள் தாங்கும் எல்லையை அடைந்துவிட்ட ஒரு நிலை. இதனை ஏற்றுக்கொண்டால் பாலைப் பாடல்களில் வரும் விலங்கும் பறவையும் தலைவன் தலைவியின் மனத்தைக் காட்டவந்த வெறும் கண்ணாடிகள் என்று மட்டும் கொள்ளவியலாது. உள்ளுறையும் இறைச்சியும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. குறிப்புப் பொருளுக்கு விரையும் நம் வாசிப்பு, குறிப்புக்கு அடித்தளமாகிய காட்சியைத் தொலைத்துவிடுகிறது என்பதே நம் குறை.

கலித்தொகையின் 11ஆம் பாடல் சிறந்த சான்று. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. கன்று கலக்கிவிட்ட சிறிதளவு நீரைப் பிடிக்கு ஊட்டிய பின்னரே களிறு உண்ணும். சோர்ந்த பெடையின் வருத்தத்தை ஆண்புறா தன் மென்சிறகால் ஆற்றும். நிழலின்றி வாடும் பிணைமானுக்குக் கலைமான் தன் நிழலைத் தரும். இவற்றைக் கண்டுவந்து கூறிய தலைவன் நம்மை மறவான், திரும்பி வருவான் எனத் தலைவி தோழியிடம் தேறுகிறாள். இம்மூன்று காட்சிகளும் அன்பின் எடுத்துக்காட்டுகள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நம் பாடநூல் மரபு.

அக்காட்சிகளைச் சற்று நின்று நோக்குவோம். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெம்மை மிகும்போது அவை வாய் பிளந்து இளைக்கும். இறக்கைகளை உடலினின்று அகற்றித் தளர்த்தி, சிறகு குறைந்த பக்கங்களின் வழியே சூட்டை வெளியேற்றும். பெடையருகே இவ்வாறு சிறகு தளர்த்தி நிற்கும் ஆண்புறா, காண்போர் கண்ணுக்கு விசிறுவது போலவே தோன்றும். ஒன்றன் நிழலில் மற்றொன்று ஒதுங்கும் செய்தியும் வெறுங்கற்பனையன்று. உச்சிவெயிலில் திறந்தவெளியில் நிற்கும் செம்மறிகள் நெருங்கிக் கூடி, ஒன்றன் வயிற்றின் கீழ் மற்றொன்று தலையை நுழைத்துக்கொள்ளும். அங்கே நிழலைக் கொடுப்பது எதுவுமில்லை, எடுத்துக்கொள்வதுதான் உண்டு. புலவர் அந்த எடுத்தலைக் கொடுத்தலாக மாற்றினார். கவிதை பிறந்த இடம் அம்மாற்றமே எனலாம். நடந்தது எதுவென்று அறியாத வாசகனுக்கு, புலவர் செய்தது எதுவென்றும் தெரியாது போகும். ஐந்திணை ஐம்பதில், சிறிதளவு சுனைநீரைப் பிணை உண்ணட்டும் என்று கருதித் தான் உண்பது போல் பாவனை செய்யும் கலைமானுக்கும் இது பொருந்தும். அது விலங்கியலன்று, விலங்கியலுக்குத் தந்த மறுமொழி.

மாறாக, நெடுநல்வாடையில் நக்கீரர் எதனையும் அவ்வாறு மாற்றவில்லை. அந்த நேர்மை நமக்குப் பெருவியப்பைத் தருகிறது. வெள்ளத்தை வெறுத்த கோவலர் நிரையை வேற்றுநிலத்திற்கு ஓட்டுகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்குகள் குன்னிப் போகின்றன. பறவைகள் கிளையினின்று வீழ்கின்றன. கறவைகள் பாலுண்ண வரும் கன்றைக் கடுமையாக உதைத்து விலக்குகின்றன. தாய்மையின் சின்னமாகவே பசுவைக் கண்டு பழகிய மரபில் இந்த உதை அதிர்ச்சி தருவது. ஈரக்குளிரில் மடிக்காம்பு வெடிப்புற்றுப் புண்ணாவதும், அப்போது கன்று வாய்வைத்தால் பசு உதைப்பதும் மாடு வளர்ப்போர் அறிந்ததே. நக்கீரர் அதைத்தான் கண்டிருத்தல் கூடும். இவ்வுதைக்கு உள்ளுறை தேடவேண்டியதில்லை.

அதே பாட்டில் மனையுறை புறா இரை தேடப் போகாமல், இரவும் பகலும் அறியாமல், கொடுங்கையில் மாறி மாறி இருக்கிறது. கால் கடுத்ததால் மாறி மாறி இருந்தது எனக் கொண்டால் அதன் உடலியல் துலங்கும். பறவையின் கால்கள் சிறகற்றவை. உடற்சூடு பெரிதும் கழிவது அவற்றின் வழியே. ஒரு காலை மடித்துச் சிறகுக்குள் செருகிக்கொண்டால் இழப்புக் குறையும், பின்னர் மறுகால். ஆய்வுப் படிப்பிற்காகக் குளிர்நாடொன்றில் தங்கியிருந்த காலத்தில், இரயில் நிலையத்தின் இரும்புச் சட்டங்களில் ஒற்றைக்காலில் நின்ற புறாக்களைப் பார்த்த பின்னரே அவ்வடி நமக்கு விளங்கிற்று. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவருக்கு உரை மட்டும் போதாது போலும்.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. பறவைகள் வீழும் அதே மழைக்காலத்தில், ஈர வெண்மணலில் கொக்குக் கூட்டமும் நாரையும் மீனைக் கவர்ந்து உண்கின்றன. பாலைக்கு உரியனவாகச் சொல்லப்படும் எருவையும் பருந்தும் அவ்வாறே. வெங்காற்று மேலெழும்போது அதில் ஏறி, சிறகசைக்காமல் குளிர்ந்த உயரத்தை அடையக்கூடியவை அவை. கீழே வலியழிந்து வீழ்வது அவற்றுக்கு உணவு. ஒரு பருவம் எல்லா உயிருக்கும் ஒரே துன்பம் தருவதில்லை என்பதைப் பழம்புலவர் அறிந்திருந்தனர்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலேசியத் தமிழ் மாணவருக்குத் திணைக்கோட்பாடு கற்பிப்பதில் உள்ள இடர் ஆசிரியர்கள் யாவரும் அறிந்தது. ஆறு பெரும்பொழுதுகள் இங்கில்லை. மேற்குக் கரையில் ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பர் மாதங்களிலும் மழை மிகும், இடையில் காய்ச்சல் குறுக்கிடும், அவ்வளவே. வாடை என்றால் என்னவென்று கேட்ட மாணவர் ஒருவர், குளிர்சாதனப் பெட்டியைச் சுட்டி இதுவா ஐயா என வினவியதுண்டு. வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயின் குவாலா சிலாங்கூரிலிருந்து உலு சிலாங்கூர் வரை பரந்த பழைய தோட்டப்புறத்தினின்று வரும் பிள்ளைகளிடம் வேறொரு வழி திறந்திருந்தது. அவ்வழியை நாம் பயன்படுத்தவில்லை.

தோட்டத்து இலயங்களின் பின்புறம் ஆடும் மாடும் கோழியும் இருந்தன. ஆட்டுக்கொட்டகை தரையினின்று உயர்த்திப் பரண்போல் கட்டப்பட்டது. ஏனெனில் ஆடு வெயிலைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. நனைந்த தரையில் நின்றால் குளம்பு அழுகும், குடற்புழு பெருகும். மாடுகள் உச்சிப்பொழுதில் பால்மர நிழலில் படுத்து, மேய்ச்சலைக் காலைக்கும் மாலைக்கும் ஒதுக்கின. வெக்கை நாளில் கோழி தீனியைக் குறைத்துக்கொள்ளும். செரிமானமும் சூடு உண்டாக்குவதால் அது உடல் செய்யும் சிக்கனம். வாய் பிளந்து இளைக்கையில் குருதியிலுள்ள கரியமில வாயு மிகுதியாக வெளியேற, முட்டையோடு மெலியும். இக்காரணம் தெரியாவிட்டாலும், காய்ச்சல் மாதத்து முட்டை கைபட்டால் உடையும் என்பது வளர்த்தவருக்குத் தெரியும். இவை யாவும் நக்கீரர் கண்ட வகையிலான அறிவே.

அவ்வறிவு நிலைத்திருந்த நிலம் மாறிவிட்டது. புக்கிட் பெருந்துங், 1990களில் தோட்டநிலத்தில் எழுந்த புறநகர். பிற இடங்களில் பால்மரம் செம்பனையாயிற்று. முதிர்ந்த செம்பனைக்கும் நிழலுண்டு. ஆனால் ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுநடவு செய்யும்போது ஒரு பெரும்பரப்பு ஒரே நாளில் வெட்டவெளியாகிறது. இளங்கன்றுகளின் ஓலையைத் தின்னுமென்று மாடுகள் அங்கே விடப்படுவதில்லை. சாலையோரத்தில் வெயிலில் நிற்கும் அம்மாடுகளைத் தொல்லையாகக் காணும் நகரவாசிகளுக்கு, இயல்பு திரிந்த நிலம் என்னும் தொடர் நினைவுக்கு வருவதில்லை. மறுபுறம், மூடிய கொட்டகைகளில் வளரும் இறைச்சிக்கோழி பருவமே அறியாமல் வளர்கிறது. மின்விசிறியும் நீர்த்திரையும் அதற்கு வானிலையை உண்டாக்கித் தருகின்றன. மின்சாரம் நின்றால் சில மணிநேரத்தில் கொட்டகையே அழியும். வலியழிந்த என்னும் அடைக்கு இதைவிடப் பொருத்தமான உயிர் எது?

பழைய பெரும்பொழுதுகளுள் அடங்காத ஒரு பொழுதும் நமக்கு வாய்த்தது. 2005 ஆகஸ்டு 11ஆம் நாள், காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் குவாலா சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும்; மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் உயிர்வளி பெறப்படும். உயரப் பறக்க உதவும் இந்த ஆற்றலே நச்சுக்காற்றில் அதற்குப் பகையாகிறது. நிலக்கரிச் சுரங்கத்தில் கூண்டுப்பறவையை முன்னனுப்பியது இதனாலன்றோ. சைபீரியா வரை சென்று மீளும் கரைப்பறவைகள் இறங்கும் சேற்றுப்பரப்பும், 1987இல் தொடங்கப்பட்ட குவாலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவும் அந்தப் புகைக்குள்தான் இருந்தன. நாம் படித்த அளவில், நம் கவிஞர்கள் புகைமூட்டத்தை முகக்கவசமாகவும் மறைந்த கோபுரமாகவுமே பாடினர். புகைக்குள் அமர்ந்திருந்த பறவையைப் பாடியவரை நாம் கண்டிலம்.

தோட்டப்புறப் புனைகதையிலும் இவ்வெறுமை உண்டு. அங்கே மழை என்பது பால்வெட்டு நின்று கூலி இழக்கும் நாள். மாடு என்பது விற்கப்படும் சொத்து, அல்லது பிரிவின் போது கண்ணீருக்குரிய பொருள். கூலியின் துயரை எழுதவே தாள் போதாதிருந்த தலைமுறையை இதற்காகக் குறைகூறுதல் முறையன்று. ஆயினும் திறனாய்வாளராகிய நாம் பொறுப்பினின்று நழுவவியலாது. சமூகவியல் நோக்கில் தோட்ட நாவலையும், குறிப்புப் பொருள் நோக்கில் சங்கப் பாட்டையும் தனித்தனி அறைகளில் வைத்துப் படித்தோம். இரண்டறைகளிலும் விலங்கு வாயிலுக்கு வெளியே நின்றது.

அண்மையில் திணை பற்றிய தேர்வொன்றில் வழக்கமான அட்டவணை வினா தரப்பட்டது. பாலை, விலங்கு என்னும் கட்டத்தில் புக்கிட் பெருந்துங்கிலிருந்து வரும் மாணவி ஒருவர் வலியழிந்த யானை என எழுதி, அதன்கீழ் சிறிய எழுத்தில், மறுநடவில் மேய்ச்சல் இழந்த மாடு என்றும் சேர்த்திருந்தார். விடைப்பட்டியலில் அதற்கு இடமில்லை. உடன்திருத்திய ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டிருந்தார். நாம் அதற்கு ஒரு மதிப்பெண் வழங்கினோம். அம்மதிப்பெண் குறித்த விவாதம் துறையில் இன்னும் முடியவில்லை.