முன் கதவில் கஞ்சிரா

சின்ன காரில் நல்ல பாட்டுக் கேட்க ஆசைப்படுகிற யாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: காசை முன் கதவில் போடுங்கள். டிக்கியில் போடாதீர்கள், பின் சீட்டுக்கு மேலே போடாதீர்கள், டேஷ்போர்டில் பளபளக்கிற பெரிய திரையிலும் போடாதீர்கள். முன்னால் இரண்டு கதவு, அதில் இரண்டு நல்ல ஸ்பீக்கர், அந்தக் கதவை ஓட்டை இல்லாமல் அடைக்கிற வேலை. இந்த மூன்றும் கூடி வந்துவிட்டால் புதுக்கோட்டையில் ஏறி ஆவுடையார்கோவிலில் இறங்க வேண்டியவருக்கு இறங்கவே மனம் வராது. எனக்கு வருவதே இல்லை!

என்னுடையது ஸ்விஃப்ட் எல்எக்ஸ்ஐ. அடிப்படை மாடல். கம்பெனியிலிருந்து வரும்போதே செட்டும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. பலர் அதைக் குறையாகச் சொல்வார்கள், நான் கொண்டாடினேன். கழற்றிப் போட எதுவும் இல்லை, எல்லாவற்றையும் நம் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கலாம். இன்று அதில் இருப்பவை: முன் கதவுகளில் ஆறரை அங்குல ஹெர்ட்ஸ் காம்பொனென்ட், சைடு கண்ணாடிக்கு உள்பக்க மூலையில் அதன் ட்வீட்டர்கள், டிரைவர் சீட்டுக்கடியில் இரண்டு சேனல் ஆம்ப், பக்கத்து சீட்டுக்கடியில் ஒல்லியான எட்டு அங்குல வூஃபர், டேஷ்போர்டில் ஒரு பயோனியர் செட். பின்னால் ஒன்றுமே இல்லை. ஏறுகிறவர்கள் எல்லாரும் திரும்பித் திரும்பி, "பின்னாடி ஸ்பீக்கர் எங்கங்க?" என்று தேடுகிறார்கள். கச்சேரிக்குப் போனால் மேடை நமக்கு முன்னால்தானே இருக்கிறது? காரிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கார் செட் கடைக்குள் நுழைந்ததும் முதலில் காட்டுவது சுவரில் மாட்டிய பலகை. வரிசையாக ஸ்பீக்கர்கள், கீழே ஸ்விட்ச். தட்டத் தட்ட ஒவ்வொன்றாகப் பாடும். எது கணீரென்று காதைத் தைக்கிறதோ அதுதான் அந்த நிமிஷத்தில் பிடித்துப்போகும். அதே கணீர், திருச்சி போய்ச் சேருவதற்குள் தலைவலி ஆகிவிடும். ஆகவே கடைக்காரர் போடுகிற பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள்.

நான் எடுத்துக்கொண்டு போனது கஞ்சிரா. எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை வேறு உண்டா? பஜனையில் தட்டிக்கொண்டிருந்த இந்தச் சின்ன வட்டத்தைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் அந்தப் பாணியை உச்சத்துக்குக் கொண்டுபோனார். புதுக்கோட்டைப் பாணி என்று இன்றும் லய உலகம் மரியாதையோடு சொல்கிறது. ஒரு கையகலத் தோல், சட்டத்தில் ஒரு துளை, அதில் செருகிய சில காசுகள். இவ்வளவுதான் வாத்தியம். ஆனால் தோலைத் தண்ணீர் தொட்டுத் தளர்த்தி விரலால் அழுத்தும்போது அடித்தொனி வழுக்கி வழுக்கி மேலேறுகிறதே, அந்தக் கும்கி! அதே அடியில் காசுகள் கிண்ணென்று சிலிர்க்கும். ஒரே நேரத்தில் அடியும் நுனியும். மட்டமான ட்வீட்டர் அந்தக் காசை வெறும் 'ஸ்ஸ்' ஆக்கிவிடும். மட்டமான வூஃபர் கும்கியைப் 'பொத்'தென்று போட்டு மூடிவிடும். ஒரு தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டால் எந்த ஸ்பீக்கர் உண்மை பேசுகிறது என்பது உடனே தெரிந்துபோகும்.

கடையில் இருந்த தம்பி முதலில் முகம் சுளித்தான். "அண்ணே, பேஸ் பாட்டு ஏதும் இல்லையா?"

"இதுலயே இருக்குப்பா, கேளு."

ஜேபிஎல், இன்ஃபினிட்டி, மோரெல், ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொன்றாக மாற்றினோம். ஹெர்ட்ஸுக்கு வந்ததும் அவனே சத்தத்தைக் கூட்டிவிட்டு நிமிர்ந்தான். "காசு சத்தம் தனியா நிக்குதுண்ணே!" அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. எல்லாருக்கும் ஹெர்ட்ஸ்தான் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காது ஒவ்வொருவருக்கும் வேறு. ஆனால் காசு தனியாக நிற்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்த வேலை கதவு. இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குப் போதாது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது காற்று முன்னால் வருகிறது, அதே கணம் பின்பக்கம் காற்று உள்ளே இழுபடுகிறது. முன் அலையும் பின் அலையும் ஒன்றுக்கொன்று எதிர். இரண்டும் சந்தித்துக்கொண்டால் பேஸ் அடிபட்டுப்போகும். கதவின் டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள்: உள்தகட்டில் கையே நுழைகிற அளவுக்குப் பெரிய பெரிய ஓட்டைகள், அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். பின் அலை வெளியே வர ராஜபாட்டை! எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரையும் இந்த ஓட்டைகள் தின்றுவிடும்.

எனவே டேம்பிங் ஷீட். ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் கருப்பாகப் பிசுபிசுக்கும் பியூட்டைல் ரப்பர். முதலில் வெளித்தகட்டின் உட்புறத்தைத் தின்னர் தொட்டுத் துடைத்தார்கள். ஷீட்டை ஒட்டி, சின்ன உருளையால் அழுத்தி அழுத்தி உருட்டினார்கள். அலுமினியத்தின் மேலுள்ள புடைப்புக் கோலம் அழுந்தி மழுங்கும்வரை உருட்ட வேண்டும், அப்போதுதான் தகடும் ஷீட்டும் ஒன்றாகும். பிறகு உள்தகட்டின் ஓட்டைகளை மூடினார்கள். கண்ணாடி ஏறி இறங்கும் வழியையும், மழைத் தண்ணீர் வடிகிற அடித் துளைகளையும் மட்டும் விட்டுவைத்தார்கள். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே வைக்கிற வளையம் பிளாஸ்டிக்கில் வேண்டுமென்று கேட்டு வாங்கினேன். எம்டிஎஃப் பலகை மழை ஈரத்தில் உப்பிவிடும், ஐப்பசி மழையில் கதவுக்குள் தண்ணீர் இறங்காத கார் எது?

வேலை முடிந்து கதவைச் சாத்தியபோது வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தகரச் சத்தம் போய், கனமான பெரிய வண்டியின் கதவுபோல 'தும்'. பாட்டே இன்னும் போடவில்லை, எனக்கு அப்போதே சிரிப்பு வந்துவிட்டது. போட்டதும் மிருதங்கத்தின் தொப்பி கதவுக்குள்ளிருந்து திரண்டு வந்தது. அதே ஸ்பீக்கர், அதே செட், கதவுதான் வேறு.

பெட்டியின் மேல் 50×4 வாட்ஸ் என்று அச்சடித்திருப்பதை நம்பி ஆம்ப் வேண்டாமென்று விடுகிறவர்கள் உண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரில் கிடைப்பது சுமார் 14 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். செட்டுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப், இந்த வோல்டேஜை வைத்துக்கொண்டு ஒரு சேனலுக்குச் சுத்தமாகத் தர முடிவது 20 வாட்ஸை ஒட்டித்தான். வீட்டுத் தெருவில் அது போதும். நெடுஞ்சாலையில் டயர் இரைச்சலுக்கு மேலே ஏற்றினால் பாட்டு கிழியும். ஆம்ப் தனியாக வைக்க வசதிப்படாதவர்கள் சென்சிடிவிட்டி என்ற எண்ணைப் பாருங்கள். 90 டெசிபெலுக்கு மேல் இருந்தால் நல்லது. மூன்று டெசிபெல் கூடுதல் என்றால், பாதி வாட்ஸில் அதே சத்தம். பேட்டரியிலிருந்து ஆம்புக்கு வரும் வயரில் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கம்பெனி வயரை வெட்ட விடாதீர்கள், கப்ளர் கிடைக்கிறது.

இனி டிக்கியில் வைக்கிற அந்தப் பெரிய பாக்ஸ். வேண்டவே வேண்டாம். சின்ன கார் நமக்கு இலவசமாகவே பேஸ் தருகிறது! 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் ஏறக்குறைய ஏழு மீட்டர். காரின் உள்நீளம் மூன்று மீட்டர்கூடத் தேறாது. அலை விரிய இடமில்லாமல், மூடிய அறைக்குள் காற்றழுத்தம் ஏறி இறங்குவதாக அது மாறிவிடும். ஆழமான பேஸ் தானாகவே கூடிவிடும். அறை எவ்வளவு சின்னதோ அவ்வளவு லாபம். வீட்டு ஹாலில் பெரிய வூஃபர் செய்கிற வேலையைக் காருக்குள் சீட்டுக்கடியில் கிடக்கிற எட்டு அங்குலம் செய்துவிடுகிறது. கண்ணாடியை இறக்கிவிட்டால் இந்தச் சலுகை போய்விடும், பேஸ் சட்டென்று இளைத்துவிடும். டிக்கி டிக்கியாகவே இருக்கிறது: அரிசி மூட்டை, வாழைத்தார், சீர்த்தட்டு எல்லாம் தாராளமாகப் போகிறது.

ஆனால் மொத்த வேலையிலும் என்னைக் கிறங்கடித்தது டைம் அலைன்மென்ட்தான். நாம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். வலது ஸ்பீக்கர் கிட்டத்தில், இடது ஸ்பீக்கர் தூரத்தில். அரை மீட்டர் வித்தியாசம் என்று வையுங்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். இடது ஒலி நமக்கு ஒன்றரை மில்லிசெகண்ட் பிந்தி வருகிறது. அதனால்தான் பெரும்பாலான கார்களில் பாடகர் நம் வலது முழங்காலில் உட்கார்ந்து பாடுகிறார். பயோனியர், கென்வுட், சோனி செட்டுகள் பலவற்றில் இதற்கு ஒரு அமைப்பு இருக்கிறது. டேப்பை எடுத்து, நம் காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளந்து, அந்த எண்ணைச் செட்டில் போட்டால் போதும், கிட்டத்து ஸ்பீக்கரை அது அந்த அளவுக்குத் தாமதப்படுத்தும்.

சரியாக வந்ததா என்று பார்க்க எனக்குத் திருச்சி வானொலியே போதுமானதாக இருந்தது. 1939-இலிருந்து எங்கள் வட்டாரத்துக்குச் சங்கீதம் ஊட்டிய நிலையம் அது. மீடியம் வேவ் ஒலிபரப்பு மோனோ என்பதால் குரல் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். எண்களை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் அறிவிப்பாளர் சட்டென்று வலது கதவிலிருந்து கிளம்பி டேஷ்போர்டின் நடுவில், கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அங்கே ஸ்பீக்கரே கிடையாது! நான் கையை நீட்டித் தடவியே பார்த்தேன்.

அன்றைக்கு இந்த வண்டியில் முதலில் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தது இளையராஜாவின் 'திருவாசகம் இன் சிம்பொனி'. 2005-இல் வந்தது, புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. மாணிக்கவாசகர் குருவைக் கண்ட திருப்பெருந்துறை எங்கள் ஆவுடையார்கோவில்தானே, அந்தச் சாலையில்தான் அதைக் கேட்க வேண்டும் என்று பிடிவாதம். ப்ளூடூத்தில் போடவில்லை, எஃப்எல்ஏசி கோப்பாகப் பென் டிரைவில் ஏற்றியிருந்தேன். அறந்தாங்கி சாலையில் தைலமரக் காடு இருபுறமும் ஓட, வயலின்கள் இடது கதவைத் தாண்டி வெளியே, சாலையோரம்வரை விரிந்தன. சேர்ந்திசை கண்ணாடிக்கு அப்பால் பானெட்டுக்கு மேலே வரிசை கட்டியது. நடுவில் ராஜாவின் குரல், அந்தக் கரகரப்பு, மூச்சு இழுக்கிற இடம் உட்பட. சின்ன காருக்குள் ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா உட்கார இடம் இருந்தது! ஆத்மநாதர் கோவிலில் கல்லையே மரச்சட்டமாகவும் ஆணியாகவும் இழைத்த கொடுங்கையை அண்ணாந்து பார்க்கும்போதும் உள்ளே அந்த செல்லோக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த மாவட்டத்தில் ஓட்ட எத்தனை சாலைகள்! குடுமியான்மலைப் பக்கம் போனால் நாகசுவரம் போடுவேன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏழு பண்களின் சுரக்கோவைகளைப் பாறையில் வெட்டி வைத்த ஊர் அது. விராலிமலை, நார்த்தாமலை, திருமயம், எங்கே போனாலும் வழி சின்னதாகப் போய்விடுகிறது.

கர்நாடக சங்கீதத்துக்கும் சிம்பொனிக்கும் மட்டும்தான் இதெல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள். என் மச்சானுக்குக் குத்துப் பாட்டுதான் உயிர். "மாமா, பாக்ஸ் இல்லாம பறை எடுபடுமா?" என்று கேட்டபடி ஏறினான். பறையும் உருமியும் சேர்ந்து அடிக்கிற பாட்டு ஒன்றைப் போட்டேன். குச்சி தோலில் விழுகிற அந்த முதல் 'டக்', அது முன்கதவில்தான் இருக்கிறது, டிக்கியில் இல்லை. உருமியின் தேய்ப்பு சீட்டுக்கடியிலிருந்து முதுகில் ஏறியது. கீரனூர் வரும்வரை அவன் பேசவே இல்லை. டீக்கடையில் நிறுத்தியதும் தன் வேகன் ஆருக்கு டேம்பிங் ஷீட் எத்தனை ஆகும் என்றுதான் கேட்டான். கடைத் தம்பியின் நம்பரைக் கொடுத்தேன். "முதல்ல கதவைக் கழட்டச் சொல்லு, ஸ்பீக்கரை அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.