வேலி ஓலையும் தக்கைப்பூண்டும்

யாழ்ப்பாணத்தார் பசளை என்பதைத் தஞ்சாவூரார் உரம் என்பார்கள். இங்கே உக்குவது அங்கே மட்கும். பச்சையை மண்ணுக்குக் கொடுக்கும் முறையும் அப்படித்தான், இடத்துக்கு இடம் வேறு.

கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டுத் தோட்டங்களில் புதிதாக வேலி அடைத்தால் கழற்றிய பழைய ஓலை மண்ணுக்குப் போகும். மண்வெட்டியால் நீளக் கிடங்கு வெட்டி, ஓலையைப் படுக்கையாக அடுக்கி, மண்ணை இழுத்து மூடுவார்கள். ஓலை தாழ்த்தல் என்பது இதுதான். புகையிலைத் தறைக்குப் பூவரசங்குழையும் தாழ்ப்பதுண்டு. குழை சில வாரங்களில் உக்கிவிடும். பனையோலை லேசில் மசியாது. அடுத்த போகத்துக்குக் கொத்தும்போதும் கறுத்த ஈர்க்கு மண்வெட்டியில் தட்டுப்படும். அந்தப் பிடிவாதம்தான் அதன் பெறுமதி. எரித்திருந்தால் அன்றே புகையாகியிருக்கும் காபன், உக்கும்வரை மண்ணுக்குள் கிடக்கிறது. ஈரத்தையும் பிடித்து வைக்கிறது.

காவிரிப் படுகையில் கோடையில் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளளவில் பூவெடுக்கும்போது மடக்கி உழுகிறார்கள். அதன் வேர்முடிச்சு காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தரும். யூரியாவைக் குறைக்கலாம், அதோடு அதிலிருந்து கிளம்பும் பசுமைக்குடில் வாயுவான நைட்ரஸ் ஒக்சைட்டும் குறையும். தமிழக அரசு 2024-25 இல் போட்ட மண்வளத் திட்டத்தில் பசுந்தாளுர விதை கொடுப்பதும் இருந்தது. ஆனால் இளந்தண்டு வேகமாக மட்கிவிடுவதால் காபன் அதிகம் தங்காது. தண்ணீர் கட்டிய சேற்றுக்குள் மட்கினால் மீத்தேனும் கிளம்பும். இதற்கு மருந்து உழவர் வாயிலேயே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். வயலை இடையிடையே காயவிட்டால் மண்ணுக்குக் காற்றுக் கிடைக்கும், மீத்தேன் வெகுவாகக் குறையும். எங்கள் தோட்டங்களில் தண்ணீர் கட்டி நிற்பதில்லை என்பதால் அந்தத் தலையிடி எங்களுக்கு இல்லை.

காபனைத் தேக்குவதில் ஓலைக்கே என் வாக்கு. பயிருக்கு உடனே ஊட்டம் வேண்டுமென்றால் தக்கைப்பூண்டு. ஆனால் இரண்டும் இரசாயனப் பசளைக்கு ஒரே நாளில் மாற்றாகிவிடாது. 2021 இல் இலங்கை அரசு இரசாயனப் பசளையைத் திடீரென்று தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் கைவிட்டது. ஆண்டுக்கணக்கில் மண்ணில் சேரவேண்டியதை ஒரே போகத்தில் கேட்டால் எந்த மண் கொடுக்கும்?

இப்போது வேலிகள் மதிலாகிவிட்டன. தோட்டத்துக்கு வந்த ஓலையும் குறைந்துபோனது. ஆனாலும் வளவுப் பனைகளில் காவோலை விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். வாழையடியில் ஒரு கிடங்கு வெட்டித் தாழ்த்துவிடுங்கள்.